கண்ணைப் பார்த்தவர்கள்

2024 அக்டோபர் 7. மயாமி நகரின் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் ஜான் மொராலிஸ் புயல் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தென் ஃபுளோரிடா மக்களுக்குப் புயல் சொல்லி வருபவர். ஊரே பதறினாலும் அவர் பதற மாட்டார் என்று பெயர். மெக்சிகோ வளைகுடாவில் சுழன்றுகொண்டிருந்த மில்டன் சூறாவளியின் மைய அழுத்தம் பத்தே மணி நேரத்தில் 50 மில்லிபார் சரிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தபோது அவருடைய குரல் உடைந்தது. நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கலங்கிய கண்ணோடு மீதியைச் சொல்லி முடித்தார்.

அவர் பார்த்த அதே செயற்கைக்கோள் படத்தை அதே பொழுதில் உலகின் பல மூலைகளில் வேறு பலரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானிலை ஆர்வலர்கள். இதற்காக யாரும் அவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. இரவு முழுக்க விழித்திருந்து, புதிய படம் வரும் ஒவ்வொரு தடவையும் மேகத்தின் நிறத்தை அளந்து, புயலுக்குள் பறக்கும் விமானம் அனுப்பும் அழுத்த எண்ணுக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருப்பவர்கள். அன்று அவர்கள் கண்டது வாழ்நாளில் சில தடவை மட்டுமே வாய்க்கும் காட்சி. மில்டனின் கண் சில கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருங்கி, வெண்பஞ்சுத் தட்டின் நடுவே ஊசியால் குத்திய துளைபோலத் தெரிந்தது.

அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு பெரும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகிறது. ஆவி மேலேறிக் குளிர்ந்து மழையாகும்போது, தான் சுமந்துபோன வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. மையம் சூடேறுகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, குறைந்த இடத்தை நோக்கி மேலும் காற்று பாய்கிறது. கண் சிறுத்தால் சுழற்சி இன்னும் விரைகிறது. ஒரு நாளில் காற்றின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் கூடினாலே அதை அதிவேகத் தீவிரமடைதல் என்பார்கள். மில்டனுக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கூடியது. உச்சத்தில் காற்று மணிக்கு 285 கிலோமீட்டர் வேகம். அழுத்தம் 897 மில்லிபார் என்று அன்று அறிவிக்கப்பட்டது. அட்லாண்டிக் பகுதியில் பதிவான மிகக் குறைந்த அழுத்தங்களுள் அதுவும் ஒன்று.

படத்தைப் பார்த்தவர்களின் வாயில் தானாக வந்த சொல், அழகு. சொன்ன மறுநொடியே பலருக்கு நாக்கு கூசியிருக்கும். நாளை மறுநாள் கூரைகளைப் பிய்க்கப்போகும் ஒன்றை இன்று அழகென்று சொல்வது பாவமா?

இந்தக் கேள்வி காண்ட்டிடமும் வந்தது. 1790-இல் வெளியான நூலில் அந்த ஜெர்மன் தத்துவவாதி, மனிதரை வியப்பால் அதிரவைக்கும் இயற்கைக் காட்சிகளை அடுக்கும்போது எரிமலை, இடிமேகம் ஆகியவற்றோடு சூறாவளியையும் சேர்த்தார். அச்சம் மிக மிக ஈர்ப்பும் மிகும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: பார்ப்பவர் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் உடலால் சிறிய மனிதர், இயற்கையின் வலிமைக்குப் பணியாத ஒன்று தமக்குள் இருப்பதை உணர்வார் என்பது அவருடைய வாதம். நுட்பமான வாதம்தான். ஆனால் அதில் புயல் ஒரு கண்ணாடியாக மாறிவிடுகிறது. பார்ப்பவர் தம்மையே பார்த்துக்கொள்கிறார். புயலின் பாதையில் வீடு கட்டி வாழ்பவருக்கு அந்தக் காட்சியில் இடமே இல்லை.

மொராலிஸ் நின்றது பத்திரமான அரங்கில்தான். காண்ட்டின் நிபந்தனை நிறைவேறியிருந்தது. இருந்தும் அவர் நினைவு தம்மிடம் திரும்பவில்லை. அந்த எண் யார் வீட்டு வாசலுக்குப் போகிறது என்பதில் போய் நின்றது. 50 மில்லிபார் என்பதன் பொருள் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அழுதார். ஆர்வலர்களின் வியப்பையும் இவருடைய அழுகையையும் எதிரெதிர் அணியில் நிறுத்துவது தவறு. இரண்டும் ஒரே அறிவில் முளைத்தவை. அழுத்தம் சரிவதன் அருமை புரியாதவருக்கு அதன் கொடுமையும் முழுதாகப் புரியாது.

ஆர்வலர்களிடையே ஒரு சறுக்கல் உண்டு, அதற்காக அவர்களே ஒருவரையொருவர் கண்டிப்பார்கள். தாங்கள் நாள்கணக்கில் பின்தொடர்ந்த புயல் வலுவிழந்தால் உள்ளுக்குள் எட்டிப்பார்க்கும் ஏமாற்றம். கணிப்புக்குள் ஆசையைக் கலந்துவிடும் பழக்கம். வியப்பு கெட்டுப்போகும் இடம் இதுதான். புயலை வியப்பது வேறு, அது இன்னும் வளரட்டும் என்று விரும்புவது வேறு.

விருப்பம் என்றதும் பிரார்த்தனைக்கு வந்தாக வேண்டும். 1985-இல் குளோரியா சூறாவளி அமெரிக்காவின் கிழக்குக் கரையை நெருங்கியபோது, வர்ஜீனியா பீச் நகரிலிருந்து இயங்கிய தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன், அது விலகிப் போகும்படி வேண்டிக்கொண்டார். விலகியது. வேண்டுதலே காரணம் என்றார். குளோரியா வடக்கே போய் நியூயார்க்கின் லாங் ஐலண்டையும் கனெக்டிகட்டையும் தாக்கியது. அங்கேயும் ஜெபம் செய்தவர்கள் இருந்திருப்பார்கள்.

மில்டன் வருகையிலும் இந்தச் சிக்கல் அப்படியே நின்றது. ஃபுளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள தாம்பா விரிகுடாப் பகுதியைப் பெருஞ்சூறாவளி ஒன்று நேராகத் தாக்கியது கடைசியாக 1921-இல். இந்த முறை தப்ப முடியாது என்று பலரும் அஞ்சினார்கள். இரண்டு வாரம் முன்பு வந்த ஹெலீன் சூறாவளி போட்ட குப்பைகூளங்கள் தெருவோரம் குவிந்து கிடந்தன. அக்டோபர் 9 இரவு மில்டன் சற்றுத் தெற்கே, சியஸ்டா கீ என்ற இடத்தில் கரையைக் கடந்தது. தாம்பா விரிகுடாவின் நீரைக் காற்று கடலுக்குள் இழுத்துச் சென்றது. ஊருக்குள் ஏறும் என்று அஞ்சிய கடல் பின்வாங்கியது. தெற்கேயிருந்த கரையோர ஊர்களுக்குள் அதே இரவில் கடல் ஏறியது. விலகிப் போ என்று வேண்டுகிறவர், அடுத்த ஊர் எது என்று வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வேண்ட முடியுமா? அப்படிப் பார்த்த பிறகும் வாயில் வரும் வேண்டுதல் எதுவோ, அதற்கே கனம் அதிகம்.

ஃபுளோரிடாவில் பலரும் படிக்கும் விவிலியத்திலேயே காற்றைப் பற்றி ஒன்றோடொன்று இசையாத இரண்டு பேச்சுகள் இருக்கின்றன. யோபுவின் கதையில் பெருங்காற்று வீட்டின் நான்கு மூலையிலும் மோதி அவருடைய பிள்ளைகளைக் கொல்கிறது. அதே கதையின் இறுதியில் கடவுள் யோபுவோடு பேசுவது பெருங்காற்றிலிருந்துதான். எலியாவின் கதையிலோ மலைகளைப் பிளக்கும் காற்று வீசுகிறது, ஆனால் கடவுள் அதில் இல்லை. பிறகு வரும் மெல்லிய ஒலியிலேயே அவர் குரல் கேட்கிறது. யோபுவின் கதையைத் தொகுத்தவர்கள், பிள்ளைகளைக் கொன்றதும் காற்று, கடவுள் பேசியதும் காற்றிலிருந்து என்ற முரணை மறைக்க முயலவில்லை. அந்த நேர்மை பெரிது. ஆனால் கூரை இழந்தவரிடம் போய் இது கடவுளின் குரல் என்று இன்னொருவர் விளக்குவதைவிட, எலியாவைப்போல் காற்று ஓயும்வரை காத்திருந்து மெல்லிய ஒலிக்குக் காது கொடுப்பது நல்லது. இடிபாட்டுக்கு அடியிலிருந்து வரும் குரலும் மெல்லியதாகத்தான் இருக்கும்.

ஜெபத்தையும் கவனிப்பையும் ஒரே வாழ்க்கையில் வைத்திருந்தவர் பெனிட்டோ வின்யெஸ். இயேசு சபைத் துறவி. 1870 முதல் ஹவானாவின் பெலென் கல்லூரி வானிலைக் கூடத்தை நடத்தினார். உயரத்தில் இழை இழையாகப் பரவும் கீற்று மேகங்கள் எந்தத் திசையில் குவிகின்றன என்று பார்த்து, கண்ணுக்குத் தெரியாத தொலைவில் புயலின் மையம் எங்கே இருக்கிறது என்று கணித்தார். 1875 செப்டம்பரில் அவர் வெளியிட்ட சூறாவளி எச்சரிக்கை இத்துறையின் முதல் எச்சரிக்கைகளுள் ஒன்று. மேகத்தை அவ்வளவு நேரம், அவ்வளவு பிரியத்தோடு பார்க்காதவரால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

பார்வை குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோ கண்டது. ஓடிஸ் சாதாரணப் புயலாகக் கரையைக் கடக்கும் என்றுதான் முந்தைய நாள் கணிப்பு இருந்தது. விமானம் ஒன்று உள்ளே நுழைந்து அளந்த பிறகே அதன் உண்மை வலிமை தெரிந்தது. சில மணி நேரத்தில், நள்ளிரவு தாண்டியதும், வலிமை வரிசையில் உச்சமான ஐந்தாம் வகைச் சூறாவளி நகரத்தின்மேல் இறங்கியது.

மில்டனுக்குள் அப்படிப் பல விமானங்கள் போயின. அக்டோபர் 8 அன்று சென்ற ஒரு விமானத்தில் பீட்டர் டாட்ஜ் என்ற ரேடார் ஆய்வாளரும் இருந்தார், சாம்பலாக. அமெரிக்க அரசின் சூறாவளி ஆய்வுப் பிரிவில் உழைத்து 2023-இல் மறைந்தவர். பறந்துபோய்ப் புயல்களின் கண்ணுக்குள் 386 தடவை நுழைந்தவர். உடன் பணியாற்றியவர்கள் அவர் சாம்பலை மில்டனின் கண்ணுக்குள் தூவினார்கள். வழக்கமாக அழுத்தம், காற்று போன்ற அளவுகள் மட்டுமே எழுதப்படும் அளவைச் செய்தியின் கடைசியில் அவர் பெயரையும், இது அவருடைய 387-ஆம் நுழைவு என்பதையும் குறித்தார்கள். ஆளைக் கொல்லும் ஒன்றின் நடுவே அன்பானவரின் சாம்பலைக் கரைப்பது எப்படி என்று கேட்கத் தோன்றலாம். வெள்ளத்தில் ஊரைக் கொண்டுபோகும் ஆற்றிலேயே தன் பெற்றோரின் அஸ்தியைக் கரைத்தவருக்கு அந்தக் கேள்வி எழாது.

மறுநாள், அக்டோபர் 9 பிற்பகல், எல்லோருடைய பார்வையும் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையை நெருங்கும் மில்டனின் கண்ணின்மீது இருந்தது. அது கரை தொட இன்னும் சில மணி நேரம் இருந்தபோது, மாநிலத்தின் எதிர்ப்பக்கத்தில், அந்தக் கரையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி, புயலின் வெளிவிளிம்பு மேகங்களிலிருந்து சுழல்காற்றுகள் இறங்கிக்கொண்டிருந்தன. அன்று 40-க்கும் மேல். செயின்ட் லூசி மாவட்டத்தில் முதியவர்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பில் ஆறு பேர் இறந்தார்கள். சுழல்காற்று எச்சரிக்கைகள் அன்று 100-ஐத் தாண்டின. படத்தில் அழகாக எதுவும் தெரியாத அந்த ஓரத்தை, ரேடார் திரையில் யாரோ சிலர் மணிக்கணக்கில் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.