மெமோ யாருக்கு?

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். கழிவு கூடினால் லேத்காரருக்கு மெமோ. அங்கே அதுதான் தர்மம்.

இந்த வழக்கத்தின் அபத்தத்தைக் காட்ட, தர மேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்துவார். பெட்டியில் 4,000 மணிகள், அவற்றில் 800 சிவப்பு. தொழிலாளர்களாக நடிப்பவர்கள் 50 குழிகள் உள்ள துடுப்பால் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் குறை. மேற்பார்வையாளர் ஒருவரைப் பாராட்டுவார், இன்னொருவரைத் திட்டுவார், சிலரை வேலையை விட்டே நீக்குவார். சிவப்பு வந்துகொண்டேதான் இருக்கும். பெட்டியில் அதைப் போட்ட நிர்வாகத்துக்கு மட்டும் மெமோ கிடையாது.

குறைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியோடு பௌத்தக் காப்பியமான மணிமேகலையையும் படிக்கலாம். அதன் கடைசிக் காதை பன்னிரு சார்புகளை அடுக்குகிறது: பேதைமையைச் சார்ந்து செய்கை, செய்கையைச் சார்ந்து உணர்வு என்று. எதுவும் தனியே தோன்றுவதில்லை என்றால், குற்றவாளி என்று எவருமே இல்லையா? பௌத்தம் அப்படித் தப்பவிடவில்லை. வினைக்குப் பயன் உண்டு என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. இந்தச் சார்புச் சங்கிலியின் எந்தக் கண்ணியை யாரால் அறுக்க முடியுமோ, அந்த அளவுக்கு அவர் பொறுப்பு. இது என் வாசிப்பு.

டொயோட்டா ஆலைகளில் குறையைக் கண்டால் சாதாரணத் தொழிலாளியே உற்பத்தி வரிசையை நிறுத்தலாம்; கண்ணியை அறுக்கும் அதிகாரம் அது. அந்த அதிகாரத்தை லேத்காரருக்கு முதலில் கொடுங்கள். பிறகு அவரிடம் விளக்கம் கேளுங்கள்.