சீருடை சொல்லும் சாட்சியம்

மறைந்தோரை நினைவுகூர்தல் மாந்தர்க்கு இயல்பு. ஆயின், யாரை நினைப்பது, யாரை மறப்பது என்று முடிவு செய்பவர் யார்? போர்க்காலச் சீருடைகளைக் கண்ணாடிப் பேழைகளில் வைத்துக் காட்டும் அருங்காட்சியகங்கள் இவ்வினாவை நம்முள் எழுப்புகின்றன.

இலண்டன் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில், ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் நீலநிற மேலங்கி இருக்கிறது. 1805 அக்டோபர் 21ஆம் நாள் டிரபால்கர் போரில் அவர் உயிர் நீத்தபோது அணிந்திருந்தது அது. இடத்தோளில் துப்பாக்கிக் குண்டு துளைத்த இடத்தை இன்றும் காணலாம். மார்பில் தைக்கப்பெற்ற நான்கு விருதுச் சின்னங்களுள் ஒன்று, துருக்கி சுல்தான் மூன்றாம் ஸலீம் வழங்கிய பிறை விருதுக்குரியது. 1845இல் விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் 150 பவுன் கொடுத்து அந்த அங்கியை வாங்கி, முதிய கடற்படையினரைப் பேணிவந்த கிரீனிச் இல்லத்துக்கு அளித்தார்.

அந்தத் துளையின்முன் நிற்பவர் உள்ளம் உருகும். ஏட்டில் படித்த போர், அங்கே ஓர் உடல் பட்ட வேதனையாகிவிடுகிறது. துணிக்குள்ள ஆற்றல் அது. ஆனால், அதே ஆற்றல் ஒருவர்மீது ஒளி பாய்ச்சிப் பலரை இருளில் விட்டுவிடவும் வல்லது. நெல்சனின் 'விக்டரி' கப்பலில் மட்டும் அன்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் உடுத்திருந்தவை எங்கே? அதிகாரிகளுக்கு 1748லேயே சீருடை வகுத்த ஆங்கிலக் கடற்படை, சாதாரண மாலுமிகளுக்கு அதனை வகுத்தது 1857இல்தான். ஏழை மாலுமியின் கிழிந்த சட்டையை விலைகொடுத்து வாங்க எந்த இளவரசர் வருவார்?

இன்னொன்றும் எண்ணத் தக்கது. அந்த அங்கியில் படிந்துள்ள குருதிக் கறையில் ஒரு பகுதி நெல்சனுடையதன்று. அவருக்கு முன்பே பீரங்கிக் குண்டுக்கு இரையான அவருடைய செயலாளர் ஜான் ஸ்காட்டினுடையது என்று கருதப்படுகிறது. தலைவரின் ஆடையே தொண்டரின் இரத்தத்தைச் சுமந்து நிற்கிறது!

இதனை எடுத்துரைக்கும் அருங்காட்சியகம் நேர்மையான சாட்சியாகிறது. வீரத்தை மட்டும் காட்டி இதனை விட்டுவிடுவது, பொய் பேசாமலே இழைக்கும் அநீதியாகும். பேழைக்குள் இருக்கும் ஆடையைப் போற்றுவோம். பேழைக்கு வந்து சேராத ஆடைகளுக்கு உரியவர்களையும் அதே வேளையில் நினைப்போம். நினைவிலும் நீதி வேண்டும்.