இரவல் குரல்

கையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். மூளையை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு மாதச் சம்பளமும், சிலருக்குப் பென்ஷனும் கிடைக்கிறது. குரலை வாடகைக்கு விடுகிறவனைப் பற்றித்தான் நாம் அதிகமாக யோசிப்பதில்லை. குரல் என்பது வெறும் காற்றுத்தானே, அதில் என்ன தர்மசங்கடம் வந்துவிடப் போகிறது என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். விளையாட்டுப் பந்தயங்களில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்கிறவரைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். அந்த அலட்சியம் தானே நீங்கிவிடும்.

வடசென்னைவாசிகளுக்கு இந்த மனிதர் புதியவர் அல்லர். ராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்திலிருந்து வடக்கே நீளும் இந்தக் கரையில் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கபடியோ, கால்பந்தோ, கேரமோ, குத்துச்சண்டையோ, பந்தயம் என்று வந்துவிட்டால் ஒரு ஷாமியானாவும் நாலு ஒலிபெருக்கிகளும் ஒரு மைக்கும் வந்து சேரும். "பெயர் கொடுத்தவர்கள் உடனடியாக மேடைக்கு வரவும்" என்று காலையில் ஆரம்பிக்கிற குரல், இரவு பரிசு வழங்கி முடிகிறவரை ஓயாது. காணாமற்போன சாவிக்கொத்து, வழியை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிள், மோர்ப்பந்தல் வைத்த புண்ணியவானுக்கு நன்றி, எல்லாம் அதே குரலில்தான் வரும்.

விளையாட்டுக்களுக்குள் குத்துச்சண்டைக்கு இங்கே தனி மரியாதை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று குருவழி பிரிந்து நின்று மோதிய கதையை, 2021-ல் வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தின் மூலம் வெளியூர்க்காரர்களும் தெரிந்துகொண்டார்கள். 1980-ல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டதைப் பற்றி இங்குள்ள பெரியவர்கள் நேற்று நடந்ததுபோலப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த மண்ணில் ஒருவன் தோற்றால் அவனோடு அவன் தெருவும் தோற்கிறது. அவனுடைய குருவும் தோற்கிறார். ஆகவே தோல்வியை உரக்கச் சொல்லவேண்டிய மனிதனின் பாடு இங்கே சற்றுச் சிரமமானதுதான்.

எனக்குத் தெரிந்த அறிவிப்பாளர் ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரேன்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை இப்படி ஆயிற்று என்பார். எங்கள் பகுதியில் பந்தயம் என்றால் அவர்தான் மைக். சில வருஷங்களுக்கு முன் ஒரு குத்துச்சண்டைப் போட்டியில் உள்ளூர்ப் பையன் ஒருவனும் வெளியூர்ப் பையன் ஒருவனும் இறுதிச் சண்டைக்கு வந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் உள்ளூர்ப் பையன்தான் ஜெயித்தான் என்று தோன்றியது. உள்ளூர்க்காரனுடைய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும் என்று கழித்துக்கட்டிவிடலாம். ஆனால் எதிர்த்தரப்புப் பயிற்சியாளர்கூடத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நின்றார். நடுவர்களின் தீர்ப்புச் சீட்டு மேஜைக்கு வந்தது. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வெளியூர்ப் பையனுக்கு வெற்றி.

நம் அறிவிப்பாளர் சீட்டைப் பார்த்தார். ஒரு விநாடி தாமதமில்லை. சண்டைக்கு முன் இருவரையும் அறிமுகப்படுத்திய அதே குரலில், "நடுவர்களின் தீர்ப்புப்படி, மூன்றுக்கு இரண்டு, ப்ளூ கார்னர் வெற்றி" என்று சொல்லி இருவர் பெயரையும் படித்தார். கூட்டம் கொந்தளித்துவிட்டது. பந்தயம் கலைந்தபின் நாலைந்து வாலிபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள்: "நீயும் பாத்துனுதானே இருந்தே? உன் வாயால அத எப்டி சொன்னே?"

அந்தக் கேள்வி கோபத்தில் பிறந்தது. ஆனாலும் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. தான் நம்பாத ஒன்றை ஒரு மனிதன் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி சொல்லலாமா? சொன்னால் அது பொய்யா? பொய் இல்லையென்றால், அது வேறு என்ன?

மறுநாள் நான் அவரிடமே கேட்டேன். "அண்ணே, உங்களுக்கு அந்தத் தீர்ப்பு சரியென்று பட்டதா?"

"எங்க சார் பட்டுச்சு? நம்ம பையன்தான் ஜெயிச்சான்" என்றார் சட்டென்று.

"பின்னே?"

"பின்னே இன்னா சார்? நான் இன்னா ஜட்ஜா? வாய்தான் என்னுது. சேதி அவங்குளுது."

பதில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுத் திருப்தி தருகிறதா? "நான் சொல்லவில்லை, சொல்லச் சொன்னார்கள்" என்பது உலகத்தில் எத்தனையோ அநியாயங்களுக்கு முட்டுக் கொடுத்த வாசகம் அல்லவா?

இந்த இடத்தில் நம் கிராமங்களின் தண்டோராக்காரனை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு நமக்கு அறிவிப்பாளன் அவன்தான். வரிக் கெடு, ஏலம், ஊர்க் கட்டுப்பாடு, எதுவானாலும் பறையை அடித்துத் தெருத்தெருவாய்ச் சொல்லுவான். செய்தியில் ஓர் எழுத்துக்கூட அவனுடையது இல்லை. பல ஊர்களில் அந்தச் செய்தி அவன் ஜனங்களுக்கே விரோதமாக இருந்திருக்கும். அதையும் அவன் வாயாலேயே சொல்லவேண்டும். ஒலிபெருக்கி மூலைமுடுக்கெல்லாம் வந்தபிறகும் இந்த வழக்கம் தொடர்ந்தது. 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர், தண்டோராவைத் தடை செய்யவேண்டுமென்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோராக்காரனைப் பார்த்து "உன் வாயால் எப்படிச் சொன்னாய்?" என்று கேட்க எனக்கு நா எழாது. மறுக்கிற உரிமை அவனுக்கு இருந்ததில்லை. மறுக்க முடியாதவன்மேல் பழியும் ஏறாது.

ஆனால் நம் மைக்காரர் மறுக்கக்கூடியவர். மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனால் அவரை யாரும் கட்டிவைத்து அடிக்கப் போவதில்லை. ஆகவே அவர் விஷயத்தில் கேள்வி நிற்கிறது.

இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1988-ல் சியோல் ஒலிம்பிக் குத்துச்சண்டை இறுதிப் போட்டி ஒன்றில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸும் தென்கொரியாவின் பார்க் சி-ஹுனும் மோதினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி எண்ணிய கணக்கில் ஜோன்ஸின் குத்துக்கள் 86. பார்க்கின் குத்துக்கள் 32. தீர்ப்போ மூன்றுக்கு இரண்டாகப் பார்க்குக்குப் போயிற்று. அந்த ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற கோப்பையைத் தோற்ற ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள் என்றால் விசித்திரத்தை என்னவென்று சொல்வது! 1997-ல் ஒலிம்பிக் கமிட்டி விசாரணையை முடித்து, லஞ்சத்துக்குச் சாட்சியம் இல்லை என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு அப்படியே நின்றது. தங்கத்தைச் சுமந்துகொண்டிருந்த பார்க்குக்குத்தான் அது கனத்தது. 2023-ல் அவர் அமெரிக்காவுக்குப் போய் அந்தப் பதக்கத்தை ஜோன்ஸின் கையிலேயே கொடுத்தார். 2025-ல்தான் வெளியுலகத்துக்கு இந்தச் செய்தி தெரிந்தது.

அந்த அரங்கிலும் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அவர் என்ன செய்திருக்க வேண்டும்? "இதை நான் சொல்லமாட்டேன்" என்று மைக்கை வைத்துவிட்டால் நமக்கெல்லாம் கைதட்டத் தோன்றும். கைதட்டி முடித்தபின் நிதானமாக யோசித்தால் ஒரு சங்கடம் தெரிகிறது. இன்றைக்கு அவர் கண்ணுக்குத் தவறாகத் தெரிந்த தீர்ப்பைச் சொல்ல மறுக்கலாம் என்றால், நாளைக்கு இன்னொருவர் தம் தெருக்காரன் தோற்றான் என்பதற்காகவே மறுப்பார். அவரும் மனச்சாட்சியின் பெயரால்தான் மறுப்பார். அப்புறம் தீர்ப்பளிக்க ஐந்து நடுவர்கள் எதற்கு? மைக் யார் கையில் இருக்கிறதோ அவரே நடுவர். குரல் பலமுள்ளவன் நியாயாதிபதி ஆகிவிடுவான். நடுவர் செய்கிற தவறைக் கண்டுபிடிக்கச் சீட்டு இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, மேல் முறையீடு இருக்கிறது. குரல் செய்கிற தவறுக்கு ஒரு தடயமும் கிடையாது, காற்றோடு போய்விடும்.

அப்படியானால் குரலுக்கு ஒழுக்கமே வேண்டாமா? வேண்டும். அந்த ஒழுக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க வானொலிக்குப் போகவேண்டும்.

வானொலியில் முதன்முதலாக ஒலிபரப்பான விளையாட்டு வர்ணனை என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் ஒரு குத்துச்சண்டைதான். 1921 ஏப்ரலில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ளோரன்ட் கிப்சன் என்ற பத்திரிகைக்காரர் அதைச் செய்தார். நம் தமிழில் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் கிரிக்கெட்டை வானொலியில் வர்ணித்து, மைதானத்தையே பார்த்திராத வீடுகளுக்குள் மைதானத்தைக் கொண்டுவந்தார்கள். ஜப்பார் 2020-ல் காலமானார். அவர் குரல் இன்னும் பலருக்கு ஞாபகத்தில் இருக்கிறது. மைதானத்தில் இருப்பவனுக்குக் கண் இருக்கிறது. அறிவிப்பாளர் புளுகினால் பார்த்துவிடுவான். வானொலி கேட்பவனுக்கு அந்தக் குரல்தான் கண். அங்கே பொய் சொல்வது குருடனுக்குத் தவறான வழி காட்டுவது மாதிரி.

பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் 1930களில் அயோவா மாநிலத்து வானொலியில் பேஸ்பால் வர்ணனையாளராக இருந்தார். ஆட்டம் நடப்பது வேறு ஊரில். தந்தியில் வருகிற சுருக்கக் குறிப்புக்களை வைத்துக்கொண்டு நேரில் பார்ப்பதுபோல் வர்ணிப்பார். ஒரு நாள் நடுவிலே தந்தி அறுந்துவிட்டது. ரீகன் அசரவில்லை. மட்டைக்காரர் ஒவ்வொரு பந்தையும் கணக்கில் சேராதபடி எல்லைக்கு வெளியே தட்டிவிடுகிறார் என்று சொல்லிக்கொண்டே போனார். தந்தி மறுபடி உயிர் பெறும்வரை இப்படியே பல நிமிஷங்கள் ஓட்டினார். பின்னாளில் இதைச் சிரித்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்கிறவர்களும் சிரித்தார்கள். 1938-ல் ஆஸ்திரேலிய வானொலியும் ஏறக்குறைய இதே காரியத்தைச் செய்தது. இங்கிலாந்தில் நடந்த கிரிக்கெட்டைத் தந்திச் செய்திகளைக் கொண்டு சிட்னி ஸ்டுடியோவில் இருந்தபடியே வர்ணித்தார்கள். மட்டையில் பந்து படும் சத்தத்துக்குப் பென்சிலால் மரத்தில் தட்டினார்கள். ஆனால் அவர்கள் அதை மறைக்கவில்லை. அது ஸ்டுடியோ வேலைதான் என்பது ஜனங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் இராத்திரி விழித்திருந்து கேட்டார்கள்.

இரண்டும் கற்பனைதான். ஆனாலும் ஒன்று மனத்தில் முள்ளாய்த் தைக்கிறது, மற்றொன்று தைக்கவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். நானும் இல்லாத மனிதர்களை உண்டாக்கி அழவும் சிரிக்கவும் வைக்கிறவன்தான். ஆனால் அட்டையிலேயே 'நாவல்' என்று போட்டுவிடுகிறேன். எது என் சரக்கு, எது பிறர் சரக்கு என்று கேட்கிறவனுக்குத் தெரிந்திருந்தால் பாதகமில்லை. தெரியாமல் கலப்பதில்தான் பாவம் இருக்கிறது.

இப்போது நம் மைக்காரரிடம் திரும்பி வருவோம். அவர் வாசகத்தை மறுபடி பாருங்கள். "நடுவர்களின் தீர்ப்புப்படி" என்று ஆரம்பித்தார். அந்த இரண்டு சொற்களால் சரக்கு யாருடையது என்று சொல்லிவிட்டார். "மூன்றுக்கு இரண்டு" என்றார். நடுவர்களுக்குள்ளேயே ஒருமனம் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. தம் சொந்த வருத்தத்தைக் குரலில் கலக்கவில்லை. அவர் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் பெருமூச்சு விட்டு அதே சொற்களைச் சொல்லியிருந்தால் போதும். அந்த வெளியூர்ப் பையன் முழு உடம்போடு பஸ் ஏறியிருப்பானா என்பது சந்தேகம். தீர்ப்பு எழுதியவர்கள் நடுவர்கள். அடி விழுந்தால் அந்த விடலையின் முதுகில் அல்லவா விழும்?

நடுநிலைமையை நாம் பெரும்பாலும் தராசு பிடித்தவனுடைய தர்மமாகவே நினைக்கிறோம். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தராசு பிடிக்காதவனுக்கும் அதில் பங்கு உண்டு என்பது எனக்கு இந்த மனிதரைப் பார்த்தபிறகு உறுதியாயிற்று.

ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மறுநாள் காலையில் போட்டி நடத்தியவர்களின் வீட்டுக்கே போய், "நீங்க கொண்டாந்த ஜட்ஜுங்க சரியில்ல. இனிமே அவங்க வந்தா நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். மைக் இல்லாமல், தம் சொந்தத் தொண்டையில் சொன்னார். அடுத்த வருஷம் அவரை அழைக்கவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. கேட்டபோது, "போனா போவுது சார்" என்று மட்டும் சொன்னார்.

இரவல் குரலில் பேசுகிறபோது தன்னுடையதைக் கலக்காமல் இருப்பது ஒரு பாதி. இரவல் முடிந்தபின் தன் குரலில் பேசவேண்டியதைப் பேசுவது மறு பாதி. முதல் பாதியோடு நின்றுவிடுகிறவன் வெறும் ஒலிபெருக்கி. "சொல்லச் சொன்னார்கள், சொன்னேன்" என்ற வாசகம் கசப்பதற்குக் காரணம் முதல் பாதி இல்லை; அதைச் சொல்கிறவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள் என்பதுதான்.

"தோத்தவன் பேரை எதுக்கு அவ்ளோ சத்தமா படிக்கிறீங்கன்னு கேக்குறாங்க சார்" என்று அவர் ஒரு தடவை என்னிடம் சொன்னார். "ஜெயிச்சவன் பேரை ஊரே சொல்லும். தோத்தவன் பேரை நான் சொன்னாதான் உண்டு. அவனும் மூணு ரவுண்டு நின்னான்ல?"

நம்மில் பலருக்கு மைக் கிடையாது. ஆனாலும் மேலதிகாரியின் மறுப்பை மனுதாரரிடம் சொல்கிற குமாஸ்தா, வேறொருவர் திருத்திய மார்க்கை வகுப்பில் படிக்கிற ஆசிரியர், டாக்டர் சொன்னதை உறவினரிடம் வந்து சொல்கிற நர்ஸ், எல்லோரும் தினமும் இரவல் குரலில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். எதிரே நிற்பவர் தோற்றவர் என்றால், அவர் பெயரையும் அதே மரியாதையோடு முழுதாகச் சொல்கிறோமா என்று ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளலாம்.