யாருக்காக நம் குரல்?

நம் ஆலயத்தின்மீது கல் விழுந்தால் வேதகலாபனை என்று குரல் எழுப்புகிறோம், எழுப்பவும் வேண்டும். நம்மோடு உடன்படாதவர் துன்புறும்போது என்ன செய்கிறோம்?

1985-இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். நாட்டுப்பண் இசைக்கையில் மரியாதையுடன் எழுந்து நின்றனர். மனச்சான்று இடந்தராததால் பாடவில்லை. அதுவே குற்றமாயிற்று. 1986-இல் உச்சநீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது.

அச்சபையார் நம் வாயிலில் நின்றால் கதவடைக்கிறோம். அவர்தம் போதனையை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமய உரிமையை மனித மாண்பின்மீதே நிறுவியது. ஒருவர் நம் கொள்கையினரா என்று அது கேட்கவில்லை. அப்பிள்ளைகளுக்காகப் பேசத் தயங்கினால், நமக்காக எழுப்பும் குரல் நீதியின் குரலா, நம் கூட்டத்தின் குரலா?