கச்சான் கொண்டுவந்தவை

ஏப்ரல் 17

நிலாவெளிக்கு வடக்கே, கரைவலை வாடிகளுக்குப் பின்னால், பனை நிழலில் என் பழைய வான் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டாயிற்று. ஒரு கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கலன், நான்கு தூண்டில் கயிறுகள், இந்தக் கொப்பி. புரட்டாசி முடியும்வரை இதுதான் வீடு.

கொப்பியின் முதற்பக்கத்தில் அட்டவணை போட்டேன். எந்தத் தேதியில், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு. மொத்தம் 12 கடற்பயணங்கள். மாலையில் கரைவலை முதலாளி சம்மாட்டியார் வந்தார். அட்டவணையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"காத்த எங்க எழுதியிருக்கீங்க, மாஸ்டர்?"

மே, முதல் வாரம்

பக்கத்தில் புதிதாக மூன்று வாடிகள் எழுந்துவிட்டன. காட்டுக் கம்பு, கிடுகு, கயிறு. ஒரு பகலில் வீடு. நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்தவர்கள். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கிளப்பும்போது இங்கே கடல் பாய் விரித்ததுபோல் கிடக்கும். மார்கழியில் இங்கே கடல் பொங்கினால் அங்கே அமைதி. அப்பன், பாட்டன் காலத்திலிருந்து இப்படி வந்து போகிறார்கள். யுத்த காலத்தில் அந்த வழி அடைபட்டுக் கிடந்தது. எந்தக் கரைவலைப் பாடு யாருக்கு என்ற மனத்தாங்கலும் இந்தக் கரையில் இல்லாமல் இல்லை. ஆனாலும் இரவில் தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் கலந்து கேட்கிறது. யார் உள்ளூர், யார் வெளியூர் என்று குரலை வைத்துப் பிரிக்க முடிவதில்லை.

வாடிக்கு அத்திவாரம் இல்லை. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு, வடக்கு, கிழக்குக் கரைகளில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு சொன்னது, பின்னர் தளர்த்தியது. கடலிடம் அளவு தெரிந்து நடக்க வேண்டும் என்பதை வாடிக்காரர் அதற்கு வெகுகாலம் முன்பே கிடுகால் எழுதிவைத்திருந்தார்கள்.

மே, பிற்பகுதி

விடியற்காலையில் கரைவலை வளைத்தார்கள். தோணி அரைவட்டம் போட்டு வந்தது. கயிற்றின் இரு நுனிகளும் கரையில், இரு வரிசை ஆட்கள். ஒருவர் அம்பா எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். பாட்டு நின்றால் கயிறும் நிற்கிறது. நானும் ஓரமாகப் பிடித்தேன். பலத்தால் இழுப்பதில்லை, எல்லோரும் ஒரே கணத்தில் பின்சாய்வதால்தான் வலை வருகிறது என்று உள்ளங்கைக்குப் புரிந்தது. வலையின் மடியில் சூடையும் கும்பிளாவும். என் பங்கு என்று ஒரு கை சூடையைச் சட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

கச்சான், மூன்றாம் நாள்

அட்டவணைப்படி இன்று கடலுக்குப் போக வேண்டும். போகவில்லை. கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரம் அலையே இல்லை. பார்த்தால் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் நின்றுபோனால் படகைத் திருப்பித் தராத காற்று இது. உதடு வெடிக்கிறது. வானுக்குள் அடுப்பங்கரைச் சூடு.

படுத்துக்கிடந்து யோசித்தேன். இது எங்கிருந்து வருகிறது? மேற்குக் கடலில் ஈரத்தோடு ஏறிய அதே பருவக்காற்று மலைநாட்டில் மோதி, மழையை அங்கே இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையாய்ச் சூடேறி இந்தப் பக்கம் இறங்குகிறது. அது இறக்கிவைத்த நீரில் ஒரு பங்கு மகாவலியில் சேர்ந்து, 335 கிலோமீற்றர் நடந்து, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. அதே காற்று நீர்கொழும்புக் கடலைக் கிளப்பியதால்தான் பக்கத்து வாடியில் விளக்கு எரிகிறது. ஒரே காற்று மூன்று வழியாகத் திருகோணமலைக்கு வந்திருக்கிறது: வானத்தால் வெக்கையாக, ஆற்றால் நீராக, வீதியால் மனிதராக.

நான் மட்டும் என் விருப்பத்தால் வந்தேன் என்று நினைத்திருந்தேன்.

கச்சான் ஓய்ந்த விடியல்

சம்மாட்டியாரின் மகன் வானைத் தட்டினான். "வெளிக்கிடுங்க மாஸ்டர், காத்து விழுந்திட்டு."

தெற்கே போனோம். புறாத்தீவை ஒதுங்கிக் கடந்தோம். தீவும் சூழ்ந்த பவளப்பாறைக் கடலும் 2003இல் தேசியப் பூங்காவாயின. போகாத இடமும் பயணத் திட்டத்தில் ஓர் இடம்தான். சுவாமிமலையின் கீழே வந்ததும் பையன் எஞ்சினைத் தணித்து, கோணேசர் இருக்கும் உச்சியைப் பார்த்துக் கும்பிட்டான்.

கொட்டியாரக்குடாவின் வாயில் நீரின் நிறம் சட்டென்று கறுத்தது. கரைக்கு அருகிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு இது. போகப்போக 3,000 மீற்றருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்குகிறது. இத்தனை ஆழம் இத்தனை கிட்ட இருப்பதால்தான் இங்கே திமிங்கிலங்களைக் கரையிலிருந்து வெகுதூரம் போகாமலே பார்க்கிறோம். தூண்டிலை இறக்கிவிட்டுக் காத்திருந்தபோது ஒரு நீண்ட மூச்சுச் சத்தம். நீராவித் தூண் ஒன்று எழுந்து கரைந்தது. நீலத்திமிங்கிலத்தின் முதுகு நெடுநேரம் கடந்துகொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. இரண்டு பாரையோடு திரும்பினோம்.

புரட்டாசி, காற்று திரும்புகிறது

வடகிழக்கில் மேகம் கூடுகிறது. வாடிகளைப் பிரிக்கிறார்கள். கிடுகை அடுக்கி, கம்பைப் பிடுங்கி, லொறியில் ஏற்றுகிறார்கள். நட்ட குழிகள் மட்டும் மிஞ்சின. வருகிற வருடம் அதே குழிகளைக் காலால் தடவிக் கண்டுபிடிப்பார்களாம்.

என் வான் நகரவில்லை. ஐந்து மாதத்தில் சக்கரங்கள் பாதிவரை மணலில் புதைந்திருந்தன. சில்லு உள்ளது எங்கும் போகும், வாடி இருந்த இடத்திலே இருக்கும் என்று வந்த அன்று நினைத்தது நினைவுக்கு வந்தது. சம்மாட்டியார் கரைவலைக் கயிற்றையே கொண்டுவந்து முன்பக்கம் கட்டினார். உள்ளூராரும் லொறியில் ஏற இருந்தவர்களுமாக இரு வரிசையானார்கள். யாரோ அம்பா எடுத்தார். மூன்றாம் அடிக்கு வண்டி மேலே வந்தது.

கயிற்றைச் சுருட்டியபடி கேட்டார்: "வாற வருசம் எத்தினையாம் தேதி, மாஸ்டர்?"

"கடல் அடங்கினதும் வாறன்" என்றேன்.