இருட்டைத் திருத்துதல்

ஆத்தூர்க் கோட்டையைப் பகலில் பார்ப்பதில் எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. கெட்டி முதலிகள் 17ஆம் நூற்றாண்டில் வசிஷ்ட நதிக்கரையில் எழுப்பிய மதில் அது. வெயில் அதை வெறும் கல்லாக்கிவிடும். எனவே ஒரு ராத்திரி, கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல், ஸ்டாண்டும் கறுப்பு வெள்ளைப் பிலிமுமாக வாழப்பாடியிலிருந்து போனேன்.

மீட்டர் பத்து செகண்டு காட்டியது. நான் கொடுத்தது ஐம்பது. வெளிச்சம் மிகக் குறைந்தால் பிலிம் மந்தமாகிவிடும். நேரத்தைக் கூட்டி வெளிச்சத்தை ஈடுகட்டலாம் என்ற விதி அங்கே செல்லாது. ட்ரை-எக்ஸ் பிலிமுக்குக் கோடாக் தந்த அட்டவணையில் பத்துக்கு ஐம்பது, நூறுக்கு 1200. விளக்கருகில் பிலிம் கொழுக்கிறது, நிழலில் பட்டினி கிடக்கிறது.

இருட்டறையில் மதிலின் அடி சகதியாக வந்தது. அழகாக இல்லை. என்லார்ஜர் ஒளியை அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். சுத்தமான கறுப்பு கிடைத்தது. நண்பர்கள் பார்த்தார்கள். மனிதனற்ற மௌனம் என்றார் ஒருவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாதங்கள் கழித்து அதே நெகடிவில் எதிர்ப்பரீட்சை செய்தேன். மதிலடியைக் கையால் மறைத்து ஒளியைக் குறைத்தேன். சகதி பிரிந்தது. போர்த்திக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு மூட்டை.

இப்போது கேள்வி அழகியலைப் பற்றியதல்ல.

ஐம்பது செகண்டில் நடந்துபோகிறவர்கள் பிலிமில் தங்குவதில்லை. 1838இல் டாகேர் எடுத்த பாரிஸ் தெருவில் வண்டிகளும் ஜனங்களும் மறைந்துபோக, செருப்புக்குப் பாலிஷ் போட நின்றவரும் போட்டவரும்தான் மிஞ்சினார்கள். பழைய கட்டிடங்களின் ராத்திரி மௌனம் என்று நாம் ரசிப்பதில் பாதி இப்படிச் செய்யப்பட்ட மௌனம். அன்று என் படத்தில் மிஞ்சியவர், போக இடமில்லாததால் அசையாதிருந்தவர். அவரை நான்தான் அழித்தேன். அதுவும் மேம்படுத்துவதாக நினைத்துக்கொண்டு.

திருத்தவே கூடாது என்று சொல்வது சுலபம். 1858இல் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப்பின் காகித நெகடிவில் வானம் வெறுமையாகத்தான் விழும். அவர் நெகடிவின்மேல் வர்ணம் தடவி மேகம் சேர்த்தார். அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. கருவியின் குறையை ஈடுசெய்வது ஒன்று, உலகத்தைத் தன் ருசிக்குத் திருத்துவது வேறொன்று. நிழலில் பிலிம் பட்ட கடனை வெளிச்சமாகத் திருப்பித் தருவது முதல் வகை. நான் செய்ததோ பிலிமின் ஊனத்தோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது.

ஆனால் இந்தத் தர்க்கத்திலும் ஓட்டை இருக்கிறது. கண்ணால் கண்டதற்கு விசுவாசம் என்றால், அந்த மனிதரை நான் அன்று காணவே இல்லை. விசுவாசப்படி அவர் இல்லாமலிருப்பதே சரி! ஆக, என் கண் அளவுகோலாகாது. அது கோட்டையைப் பார்க்கப் போன கண். ஆளைப் பார்க்கப் போகவில்லை.

அப்படியானால் அவரை முழு வெளிச்சத்தில் காட்டிவிடலாமா? தூங்குகிறவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. முகத்தைத் துலக்கி, வறுமை என்று தலைப்பிட்டுச் சுவரில் மாட்டுவது இரண்டாவது வன்முறை. முதலாவதில் ஆளில்லாமல் போனார், இதில் உதாரணமாகிவிடுவார்.

மூன்றாவதாக ஒரு பிரிண்ட் போட்டேன். மேலோட்டமாகப் பார்த்தால் மதில் மட்டும் தெரியும். சற்று நின்றால் கீழே ஒரு உடம்பு இருப்பது தெரியும், முகம் தெரியாது. இருட்டுக்குள் வந்தவன் கண் பழகக் காத்திருப்பதுபோல, பார்க்கிறவனும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். படம் முன்னதைவிட மோசம் என்று அதே நண்பர் சொன்னார். ஒத்துக்கொண்டேன்.

பழைய பிரிண்டைக் கிழிக்கவில்லை. எது அழகு என்று சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்கிறேன். இன்னமும் அதுதான் அழகாக இருக்கிறது.