விருந்தாளிக்கு உடைத்த சோடா

ஊரில் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் சந்திக் கடைக்கு ஒரு பிள்ளையை ஓடவிட்டுச் சோடா எடுப்பிப்போம். வந்தவர்களுக்கு அதை உடைத்துக் கொடுப்பது மரியாதை. ஓடிப்போன பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு மிடறு. மொன்றியலில், பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட்-டே-நேஜிலும், அதே சோடா எமது குளிர்பெட்டிகளில் எந்நாளும் இருக்கிறது. விருந்துக்குரியது தண்ணீரின் இடத்துக்கு வந்துவிட்டது. 355 மில்லிலீற்றர் கோலா ரின் ஒன்றில் ஏறக்குறைய 39 கிறாம் சீனி உண்டு. பத்துத் தேக்கரண்டி அளவு. இரவு வேலைக்குப் போகும் நாம், பிள்ளையோடு இருக்க முடியாத நேரத்துக்கு ஈடாகவும் அதைத்தான் வாங்கி வைக்கிறோம்.

பிள்ளைகளின் உடல் பருப்பதைக் குறைக்க இப்பானங்களுக்குத் தனி வரி வேண்டும் என்று சொன்னால், எம்மில் பலருக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அக்கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தபோது எமது குசினிக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பதைக் கொழும்பு தீர்மானித்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தவர்கள் நாம். அரசு எமது சட்டிபானைக்குள் கை வைத்தால் சந்தேகிக்காமல் இருக்க எம்மால் முடிவதில்லை.

ஆயினும் தடையையும் வரியையும் ஒரே தராசில் போடலாமா? அந்தத் தடை ஒரு மக்களைத் தண்டிக்க வந்தது. எம்மை யாரும் கேட்கவில்லை. கனடாவில் நியூபவுண்லாந்து-லாப்ரடோர் மாகாணம் 2022 செப்டெம்பரில் சீனிப் பானங்களுக்கு லீற்றருக்கு 20 சதம் வரி விதித்தது. 2025இல் தானே அதை நீக்கியது. வாதாடி மாற்றக்கூடிய ஒன்றை அடக்குமுறை என்று சொல்வது, உண்மையான அடக்குமுறையை அறிந்த எமக்கு அழகல்ல.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இத்தகைய வரி ஏழையின் பையைத்தான் கூடுதலாகக் கடிக்கும். கியூபெக்கில் ஏற்கனவே பாலுக்கு விற்பனை வரி இல்லை, சோடாவுக்கு இரண்டு அரசுகளின் வரிகளும் சேர்ந்து 14.975 வீதம் உண்டு. ஆனால் அது விலையைப் பார்க்கிறதே தவிரச் சீனியைப் பார்ப்பதில்லை. சீனி போடாத கோலாவுக்கும் அதே வீதம்தான். பிரித்தானியா வேறு வழியில் போனது. 2016இல் அறிவித்து, 2018 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வரியை அது சீனியின் அளவின்படி உற்பத்தியாளர்மீது வைத்தது. 100 மில்லிலீற்றரில் 5 கிறாமை எட்டினால் ஒரு வரி. 8 கிறாமை எட்டினால் அதிலும் கூடிய வரி. பல கம்பனிகள் வரி வருமுன்னரே சீனியைக் குறைத்துக்கொண்டன. தாயின் கையைத் தட்டாமல் ஆலையின் கலவையை மாற்றிய வரி அது. இலங்கையும் 2017 நவம்பரில் சீனி கிறாமுக்கு 50 சதம் என்று விதித்தது, பின்னர் குறைத்துக்கொண்டது.

"குடிப்பதும் விடுவதும் அவரவர் சுதந்திரம்" என்பார்கள். வளர்ந்தவர்களுக்கு அது பொருந்தும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நோக்கிய வணிக விளம்பரத்தைக் கியூபெக் 1980இலிருந்து தடுத்து வருகிறது. 1989இல் கனடிய உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்றது. விற்பவனின் பேச்சை நிறுத்துப் பார்க்கப் பிள்ளைக்கு முடியாது என்பதே அதன் நியாயம். அந்நியாயம் தொலைக்காட்சியோடு முடிந்துவிட வேண்டியதில்லை.

இந்நகரின் லஷீன் கால்வாய்க் கரையில் 1854இல் ஜோன் ரெட்பாத் கனடாவின் முதலாவது சீனி சுத்திகரிப்பு ஆலையைக் கட்டினார். அக்காலத்துச் சீனியின் பின்னால் கரும்புத் தோட்டங்களில் மாண்ட அடிமைகள் இருந்தார்கள். அடிமை முறை ஒழிந்தபின் மொறீசியசுக்கும், 1860இலிருந்து நட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியவர்களில் தமிழரும் இருந்தார்கள். சீனி ஒருபோதும் மலிவாக இருந்ததில்லை. அதன் விலையை வாங்குபவனுக்குத் தெரியாமல் வேறு யாரோ கட்டிவந்தார்கள். இன்று அதைக் கட்டுவது எமது பிள்ளைகளின் உடம்பு.

ஆகவே சீனியின் அளவை நிறுத்து, உற்பத்தியாளரிடம் அறவிடும் வரியை நாம் ஆதரிக்கலாம், ஒரு நிபந்தனையோடு. அந்தப் பணம் பள்ளிக்கூட மதிய உணவாகவும் விளையாட்டிடமாகவும் எமது தெருக்களுக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கேட்பதும் எமது கடமை. மற்றது, வரி வரும்வரை காத்திராமல் நாமே செய்யக்கூடியது: வீட்டுக்கு வருபவருக்கு ஒரு செம்பு தண்ணீரை வெட்கமில்லாமல் நீட்டுவது. அதுவும் எமது மரியாதைதான். சோடாவுக்கு முந்தியது.